செம்பாறைகளிடையே தனிவழி



தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆண்டுதோறும் நாம் கேட்கின்ற நற்செய்திப் பகுதி ஒன்றுண்டு. யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்ற இயேசுவைத் தூய ஆவியார் பாலைநிலத்திற்கு அனுப்பினார் என்பது அது. புனித மாற்கு இதனை இரண்டே வசனங்களில் சொல்லி முடித்துவிடுகிறார். அனுப்பியவர் தூய ஆவியார். அங்கே காத்திருந்ததோ சோதனை. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்க்க நாம் அவ்வளவாக விரும்புவதில்லை. பாலைநிலம் என்றதும் அமைதி, தியானம், இறைவனின் மெல்லிய குரல் என்றெல்லாம் நமது மனம் விரைந்து சென்றுவிடுகிறது.

சுற்றுலா விளம்பரங்களும் இதையே சொல்கின்றன. அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, யூட்டா, நியூ மெக்ஸிக்கோ ஆகிய மாநிலங்களில் சிவந்த பாறைகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் நூற்றுக்கணக்கான மைல்களுக்குப் பரந்து கிடக்கின்றன. தனியே ஒரு காரில் ஏறி, அவ்வழியே ஓட்டிச் சென்றால் மனம் தெளியும், கவலை அகலும் என்று அவ்விளம்பரங்கள் உறுதி கூறுகின்றன. 2019 ஒக்டோபர் மாதத்தில் நானும் அவ்வாறு ஆறு நாட்கள் தனியே காரோட்டிச் சென்றேன். விளம்பரம் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பீனிக்ஸ் நகரில் வசிக்கும் என் தங்கையின் மகனிடம் இந்த எண்ணத்தைச் சொன்னபோது, "மாமா, உங்களுக்கென்ன விசரா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். அறுபது வயதைக் கடந்தவன், வீதியின் வலப்பக்கத்தில் ஓட்டிப் பழக்கமில்லாதவன், தனியே போவதாவது! யாழ்ப்பாணத்திலிருந்து தங்கையும் தொலைபேசியில் அழுதாள். கடைசியில் ஒரு நிபந்தனையின் பேரில் விட்டார்கள். ஒவ்வோர் இரவும் எந்த ஊரில் தங்குவேன் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். அங்கு சேர்ந்ததும் அழைக்கவேண்டும். அந்த நேரத்தில் இது எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது.

நமது சமூகத்தில் தனியே போகிறவர் மீது எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அவர் யாரோடோ கோபித்துக்கொண்டு போகிறார், அல்லது மனம் சரியில்லாமல் போகிறார். மடுத்திருப்பதிக்குப் போவதென்றாலும் ஒரு பஸ் நிறையப் போவோம். பாடிக்கொண்டு போவோம், பாடிக்கொண்டு வருவோம். இது நமது விசுவாசத்தின் அழகு. இதைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும் நமது மொழியின் பழைய இலக்கணம் பாலைக்கு உரிய பொருளாகப் பிரிவை வைத்தது வீணுக்கல்ல. பாலை வழியே போகிறவனைப் பற்றிப் பாடிய புலவர்கள், அவனைக் காட்டிலும் வீட்டில் அவனை எண்ணிக் கலங்கியிருந்தவர்களைப் பற்றியே அதிகம் பாடினார்கள். தனியே போகிறவன் உண்மையில் தனியே போவதில்லை. ஒரு வீட்டின் உறக்கத்தையும் தன்னோடு எடுத்துக்கொண்டுதான் போகிறான்.

முதல்நாள் செடோனா என்னும் ஊரை அடைந்தேன். அங்கே செம்பாறைகளுக்கு நடுவில் பாறையோடு பாறையாக நிற்கிறது திருச்சிலுவைச் சிற்றாலயம். மார்கரீட் பிரன்ஸ்விக் ஸ்ரௌட் என்ற கத்தோலிக்கச் சிற்பி தம் பெற்றோரின் நினைவாக எழுப்பியது. 1932 இல் நியூயோர்க்கின் எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதிலே ஒரு சிலுவையின் வடிவம் அவருக்குப் புலப்பட்டதாம். ஐரோப்பாவில் கட்டுவதற்கு வரைந்த திட்டம் போரினால் நின்றுபோக, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காத்திருந்து, 1956 இல் இந்தப் பாறையின் மீது அந்த எண்ணம் நிறைவேறியது. 90 அடி உயரச் சிலுவையே ஆலயத்தின் முகப்பைத் தாங்குகிறது. அதன் இருபுறமும் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் சிவந்த மலைகள்.

உள்ளே நல்ல கூட்டம். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன். வெளியே வந்து காரில் அமர்ந்த பின்புதான், ஒரு 'எங்கள் தந்தையே' கூடச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அழகு நம்மைச் செபத்தின் வாசலில் கொண்டுபோய் விடலாம். அங்கேயே நின்று வாசலைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடவும் நம்மால் முடிகிறது.

அந்தப் பாறைகள் ஏன் சிவந்திருக்கின்றன என்று நீங்கள் கேட்கக்கூடும். மணற்கல்லில் கலந்துள்ள இரும்பு துருவேறிய நிறம் அது. நமது வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணின் சிவப்பும் இரும்பினால் வந்ததே. முதல்நாள் மாலை வெயிலில் அந்தச் சுவர்களைக் கண்டபோது எனக்கு நினைவில் வந்தது எங்கள் வீட்டுத் தோட்டத்து மண்தான். அந்த மண்ணை நினைத்ததும் அண்ணர் நினைவுக்கு வந்தார்.

அண்ணரும் நானும் அப்போது பேசிப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. காரணம், எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற காணியில் ஒரு பங்குக் கிணறும், அதற்குப் போகும் வழியும். இரண்டு பரப்புக்கும் குறைந்த நிலம். வேலி எங்கே வரவேண்டும் என்பதில் தொடங்கியது, பிள்ளைகளின் திருமணத்திற்கும் போகாத நிலையில் வந்து நின்றது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் கொலராடோ ஆற்றின் கரையில் லீஸ் பெரி என்னும் இடத்தில் இறங்கினேன். 1776 ஒக்டோபர் பிற்பகுதியில் இதே இடத்தில் இரு பிரான்சிஸ்கன் குருக்கள் சிக்கிக்கொண்டார்கள். அருட்தந்தை தொமிங்கேஸ், அருட்தந்தை எஸ்கலாந்தே என்பவர்கள் அவர்கள். அதே ஆண்டு ஜூலை 29 அன்று சாந்தா பே நகரிலிருந்து ஒரு சிறு குழுவோடு புறப்பட்டு, கலிபோர்னியாவின் மொந்தெரே நகருக்கு ஒரு தரைவழி காண முயன்றவர்கள். ஒக்டோபரில் பனி விழத் தொடங்கியது, உணவு குறைந்தது. திரும்பிவிடுவதே நல்லது என்று குருக்கள் எண்ணினார்கள். மேலே போகவேண்டும் என்று குழுவில் சிலர் முறுமுறுத்தார்கள். வரைபடம் வரைந்துகொண்டு வந்தவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அக்குருக்கள் கட்டளையிட்டிருக்கலாம். மாறாக ஒக்டோபர் 11 அன்று எல்லோருமாகச் செபமாலை சொல்லி மன்றாடி, சீட்டுப் போட்டார்கள். யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் தெரிந்துகொண்ட அதே முறை. சீட்டு திரும்பிப் போவதற்கே விழுந்தது. எல்லோரும் அதனை ஏற்றுத் திரும்பினார்கள். திரும்பும் வழியில்தான் இந்தக் கரையில் வந்து மாட்டிக்கொண்டார்கள். ஆற்றைக் கடக்க முடியவில்லை; பின்னால் செங்குத்தான பாறை. தங்கள் பாசறைக்கு அவர்கள் இட்ட பெயரின் ஒரு பகுதிக்கு 'முடிந்தால் வெளியேறு' என்பது பொருள். பசியில் தங்கள் குதிரைகளையே கொன்று தின்றார்கள். நவம்பர் 7 அன்று, சற்று மேலே ஓரிடத்தில் விலங்குகள் இறங்குவதற்காகப் பாறையில் படிகள் வெட்டி ஆற்றைக் கடந்தார்கள். இறைவனைப் புகழ்ந்து துப்பாக்கி வெடிகளும் தீர்த்தார்களாம். அந்தப் படிகள் இப்போது அணைக்கட்டு நீரின் அடியில் கிடக்கின்றன.

இவர்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வழியில் தங்களை அன்போடு உபசரித்த யூட் இன மக்களிடம் மீண்டும் வருவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். யாரும் போகவில்லை. நல்ல மனிதர்கள் கொடுத்த வாக்குகளும் பாலைநிலத்தில் கிடந்து காய்ந்துபோகின்றன.

மூன்றாம் நாள் சீயோன் தேசியப் பூங்கா. மோர்மன் சபையைச் சேர்ந்த குடியேற்றக்காரர் வைத்த பெயர் அது. அதற்குக் கிழக்கே உள்ள ஊருக்குக் கார்மேல் மலை என்று பெயர். ஆகவே சீயோனுக்கு நான் கார்மேல் வழியாகவே போய்ச் சேர்ந்தேன். இவ்வளவு எளிதாக அது வேறெவருக்கும் வாய்த்திராது என்று சிரித்துக்கொண்டேன். இரண்டுக்கும் இடையே மலையைக் குடைந்து 1930 இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை ஒன்று. ஒரு மைலுக்குச் சற்று அதிகம். உள்ளே கும்மிருட்டு, இடையிடையே பாறையில் வெட்டிய சாளரங்கள் வழியே ஒரு கணம் வெளிச்சம் வந்து மறையும்.

அந்த இருட்டுக்குள்தான் நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். அண்ணரோடு வழக்காடிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதற்குப் பதில், அதற்கு அவர் சொல்லக்கூடியதற்கு மறுபதில், சாட்சிகள், உறுதிப்பத்திரத்தின் வாசகங்கள். முந்தைய நாளும் இதையே செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றுக் குவித்த மணற்குன்றுகள் இறுகிக் கல்லாகி, 2000 அடி உயரச் சுவர்களாக இருபுறமும் நிற்கின்றன. அவற்றினூடே காரோட்டிச் செல்லும் ஒரு கிழவன், முற்றத்து வேலியை இரண்டடி தள்ளிப்போட்டதற்காக வெற்றிடத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு போகிறான். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் நான் மலைகளைப் பற்றிப் பேசியிருப்பேன்.

நண்பர்களே, தனிமை எனக்கு அமைதியைத் தரவில்லை. என்னோடு எவ்வளவு காலமாக இந்தக் கோபம் குடியிருந்தது என்பதைக் காட்டித் தந்தது, அவ்வளவே. வீட்டிலே தொலைக்காட்சி இருந்தது, பங்குச் சபைக் கூட்டங்கள் இருந்தன, பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஆரவாரத்தில் அது கேட்கவில்லை. வனத்து அந்தோனியார் எகிப்தின் பாலைநிலத்தில் அலகைகளோடு போராடினார் என்று சிறுவயதில் படித்தபோது, கொம்பும் வாலும் உடைய உருவங்களையே கற்பனை செய்தேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை.

கார்மேல் என்ற பெயர் எலியாவை நினைவூட்டாமல் விடுமா? கார்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட இறைவாக்கினர், மறு அதிகாரத்திலேயே பணியாளரை ஊரில் விட்டுவிட்டுத் தனியே பாலைநிலத்தில் ஒருநாள் பயணம் போய், சாக விரும்பிப் படுத்துக்கொள்கிறார். அரசர் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்து வாசித்துப் பாருங்கள். இறைத்தூதர் முதலில் அறிவுரை கூறவில்லை. உறங்கவிட்டு, எழுப்பி, அப்பமும் தண்ணீரும் தருகிறார். பின்பு ஓரேபு மலையில் ஆண்டவர் கேட்கின்ற கேள்வி, உனக்கு இங்கே என்ன வேலை என்பதுதான். அதற்கு எலியா தம் மனக்குறையை ஒப்பிக்கிறார். ஆண்டவர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்க, எலியாவும் மீண்டும் அதே மனக்குறையை அப்படியே ஒப்பிக்கிறார். காருக்குள் நான் செய்ததும் வேறில்லை. ஆண்டவரோ வாதாடாமல், வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லி, செய்யவேண்டிய வேலைகளையும் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

இங்கே நமது குடும்பங்களை நோக்கி ஒன்று கேட்கவேண்டும். உங்கள் வீட்டில் தாய் தனியே இருக்கின்ற நேரம் எது? அடுப்படியில் நிற்கும் நேரம் தனிமையாகாது. அங்கே எல்லோருடைய குரலும் அவரைத் தேடி வரும். வெளிநாட்டில் இரண்டு வேலை செய்யும் தந்தைக்கு, பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு, ஆண்டில் ஒருநாளாவது எவரும் எதுவும் கேட்காத நேரம் உண்டா? தியானம் என்று ஒழுங்குசெய்கிறோம். காலை முதல் மாலை வரை ஒலிபெருக்கி ஓய்வதில்லை. போதகர் பேசி முடிய இசைக்குழு, அது முடிய அறிவித்தல்கள். மௌனத்திற்கு ஐந்து நிமிடம் விட்டால், ஏதோ ஒழுங்கீனம் நேர்ந்துவிட்டதுபோல் யாரோ ஒரு பாடலைத் தொடங்கிவிடுகிறார்கள். நாம் மௌனத்திற்கு அஞ்சுகிறோம் என்று நான் கருதுகிறேன். அஞ்சுவதற்குக் காரணமும் இருக்கிறது. அதைத்தான் சுரங்கப்பாதையில் கண்டேன். ஆயினும் அமெரிக்கப் பாலைநிலம் வரை போகவேண்டியதில்லை. சனிக்கிழமை பிற்பகல் பூட்டாத ஆலயம் ஒன்று போதும். வீட்டார் தேடி ஆளனுப்பாமல் இருந்தால் சரி.

ஐந்தாம் நாள், எஸ்கலாந்தே அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரையும் ஆற்றையும் முந்தைய நாளே தாண்டிவிட்டு, ஹாங்ஸ்வில் என்ற சிற்றூரில் பெற்றோல் நிரப்பினேன். இதற்கு அப்பாலுள்ள புளூ ஜோன் பள்ளத்தாக்கில்தான் 2003 ஏப்ரலில் ஏரன் ரால்ஸ்டன் என்ற இளைஞர் தனியே நடந்து சென்றபோது, பெயர்ந்து விழுந்த பாறை ஒன்று அவருடைய வலக்கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறேன் என்று அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் அங்கேயே நின்றிருந்து, இறுதியில் தம் கையைத் தாமே அறுத்துக்கொண்டு உயிர் தப்பினார். பெற்றோல் நிலையத்தின் அருகே நின்று மருமகனின் தாளை எடுத்துப் பார்த்தேன். அது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றவில்லை. தனிமைக்கும் தொலைந்துபோவதற்கும் இடையில் இருப்பது அத்தகைய ஒரு தாள்தான்.

அந்த நிலத்தின் இன்னோர் ஆபத்தையும் சொல்லவேண்டும். 1997 ஓகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் அன்ரலோப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் பாய்ந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். கனமழை பெய்தது அவர்கள் நின்ற இடத்திலல்ல, பல மைல்களுக்கு அப்பால். வறண்ட கற்பாறை நீரை உறிஞ்சுவதில்லை. எங்கோ பெய்தது ஒடுக்கமான வழியெல்லாம் திரண்டு வந்து, ஒன்றுமறியாமல் நிற்பவர்கள் மீது விழுகிறது. எங்கள் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். வேலிச் சண்டை நடந்தபோது அவர்களில் இளையவளுக்கு வயது ஆறு.

அன்று மாலை மொனியுமென்ற் பள்ளத்தாக்கை அடைந்தேன். நவஹோ மக்களின் நிலம் அது. அவர்களுடைய ஆட்சிப் பிரதேசம் நமது இலங்கைத் தீவைவிடச் சற்றுப் பெரியது. 1864 இல் அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கான நவஹோ மக்களைத் தம் நிலத்திலிருந்து பெயர்த்து, முந்நூறு மைலுக்கும் மேலாக நடத்திக்கொண்டு போனார்கள். வழியிலும் முகாமிலும் பலர் மடிந்தார்கள். 1868 இல் ஓர் ஒப்பந்தத்தின்படி அவர்கள் திரும்பி வந்தார்கள். பிடுங்கி நடப்பட்ட எத்தனையோ இனங்களுக்குக் கிடைக்காதது, சொந்த மண்ணுக்கே மீண்டது. (பின்னாளில் அவர்களிடையே பாடசாலை அமைப்பதற்குத் தம் செல்வத்தைக் கொடுத்தவர், 2000ஆம் ஆண்டில் புனிதராக உயர்த்தப்பட்ட கத்தரின் திரெக்சல் அம்மையார்.)

நடந்து போன மக்களைப் பற்றி அங்குள்ள பலகை ஒன்றில் வாசித்துக்கொண்டு நின்றபோது, 1995 ஒக்டோபர் 30 இரவு என் முன்னே வந்து நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து நாமெல்லோரும் மழையில் வெளியேறிய இரவு. தந்தையாரால் நடக்க முடியவில்லை. அண்ணர் அவரைத் தம் சைக்கிளின் பின்னால் இருத்தி, விழாமல் சாரத்தால் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டி, நாவற்குழிப் பாலம் வரை தள்ளிக்கொண்டு வந்தார். நான் பைகளைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன். பதினொரு ஆண்டுகளாக நான் நடத்திய வழக்கில் இந்தச் சாட்சியத்தை ஒருமுறையேனும் அழைக்கவில்லை.

கடைசி நாள் நியூ மெக்ஸிக்கோவில் அபிக்யூ என்ற ஊருக்கு அப்பால் உள்ள 'பாலைநிலத்தின் கிறிஸ்து' துறவற மடத்திற்குப் போனேன். 1964 இல் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் நிறுவியது. தார் வீதியிலிருந்து 13 மைல் மண்பாதை, சாமா ஆற்றின் ஓரமாகச் செம்பாறைகளுக்கு அடியிலே செல்கிறது. மழை பெய்தால் களிமண் சக்கரங்களை விடாது. தோமஸ் மேர்ட்டன் அடிகள் 1968 இல் இருமுறை இங்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் நமது பொலன்னறுவையில் சிலைகளின் முன் வெறுங்காலோடு நின்றார். டிசம்பர் 10 அன்று பாங்கொக்கில் இறந்தார். இந்த மண்பாதையும் பொலன்னறுவையும் ஒரு மனிதரின் கடைசி ஆண்டில் அடுத்தடுத்து வருவதை எண்ணியபடி ஓட்டினேன்.

இரண்டு இரவுகள் தங்கினேன். விடியுமுன் இருளிலேயே மணி அடிக்கும். துறவிகள் திருப்பாடல்களை மெதுவாக, மாறிமாறிப் பாடுவார்கள். உணவு வேளையிலும் பேச்சில்லை. நான் பெரிதாக எதையும் செபிக்கவில்லை. வழக்கு மட்டும் சற்று ஓய்ந்திருந்தது. பள்ளத்தாக்கில் தொலைபேசித் தொடர்பு கிடையாது. அங்கே தொடர்பு இராது என்பதையும் மருமகனுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை 13 மைலையும் கடந்து தார் வீதிக்கு ஏறியதும் கைத்தொலைபேசி உயிர்பெற்றது. முதலில் மருமகனை அழைத்தேன். பின்பு காரை ஓரமாக நிறுத்தி, மனப்பாடமாய் இருந்தும் பதினொரு ஆண்டுகள் அழைக்காத இலக்கத்தை அழுத்தினேன். ஊரில் அப்போது இரவு எட்டரை மணி. அண்ணி எடுத்தார். என் குரலை உடனே அறிந்துகொண்டார்; சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அவர் கோயிலடிக்குப் போட்டார் தம்பி. செபமாலை மாதமெல்லே, இண்டைக்கு எங்கடை வட்டாரத்தின்ரை முறை. வந்தவுடனை எடுக்கச் சொல்லட்டே?"

ஓம் என்றேன். எந்த இலக்கத்திற்கு என்று கேட்டார். அமெரிக்க இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்வது கேட்டது. காரின் சாளரத்தை இறக்கிவிட்டு அங்கேயே காத்திருந்தேன்.